ஸ்மார்ட் கார்டுல ஆப்லெட் ஏத்துறதும் கீ மாத்துறதும்: ஒரு கார்டைக் கொன்னுட்டு வந்து எழுதுறேன்

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். கமாண்ட் எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன், டெர்மினல்ல நீங்க இங்கிலீஷ்ல அடிச்சுக்கங்க, ஹெக்ஸ்ல (0-9, ஏ-எஃப் வச்சு எழுதுற எண் முறை) ஏ பி சி டி ஈ எஃப் வர்ற இடமும் அப்படித்தான்.

நாங்க நாலு பேர் சேர்ந்து சர்வர் பாத்துக்குற வேலை செய்யுறோம், ரெண்டு பேர் காரைக்குடி, ஒருத்தர் தேவகோட்டை, இன்னொருத்தன் சிங்கப்பூர்ல இருக்கான். சர்வருக்குள்ள நுழையுறதுக்கான எஸ்எஸ்ஹெச் கீ, எல்லாரோடதும் லேப்டாப்ல ஃபைலாத்தான் கிடந்துச்சு. ஒரு நாள் ஒருத்தன் பஸ்ல லேப்டாப் பையை விட்டுட்டு இறங்கிட்டான், கண்டக்டர் எடுத்து வச்சிருந்து சாயங்காலமே குடுத்துட்டாரு, ஆனா அந்த அஞ்சு மணி நேரத்துல நாங்க எத்தனை சர்வர்ல கீ மாத்தினோம்னு எங்களுக்குத்தான் தெரியும். அன்னைக்கு முடிவு பண்ணினோம், கீ இனிமே கார்டுக்குள்ள இருக்கட்டும், வெளிய வரவே கூடாதுன்னு. ரெடிமேட் டோக்கன் வாங்கினா வேலை முடிஞ்சிருக்கும், ஆனா வெறும் ஜாவா கார்டு (ஜாவாவுல எழுதின சின்ன புரோகிராம் ஓடுற ஸ்மார்ட் கார்டு) வாங்கி நாமளே ஆப்லெட் (அந்த சின்ன புரோகிராம்தான்) ஏத்தினா செலவும் கம்மி, உள்ள என்ன ஓடுதுன்னும் தெரியும், அதனால இந்த வழி.

கமாண்டுக்குப் போறதுக்கு முன்னாடி கார்டுல யார் கையில எந்த சாவின்னு புரிஞ்சுக்கணும், இது புரியாமத்தான் பாதிப் பேர் கார்டைக் கெடுத்துக்குறாங்க. நம்ம ஊர் பழைய வீடு ஒண்ணை நினைச்சுக்கங்க. தெருக்கதவுக்கு ஒரு பெரிய சாவி, உள்ள வளவைச் சுத்தி இருக்குற அறைகள் பங்காளிக்கு ஒண்ணு, அந்த அறைச் சாவி அவங்கவங்க கிட்ட. கார்டும் இதே மாதிரிதான். தெருக்கதவு மாதிரி இருக்குறதுக்கு இஷ்யூயர் செக்யூரிட்டி டொமைன்னு பேரு, சுருக்கமா ஐஎஸ்டி, அதைத் திறக்குறது குளோபல் பிளாட்ஃபார்ம் கீ. உள்ள இருக்குற ஒவ்வொரு ஆப்லெட்டும் ஒரு அறை, அதுக்குன்னு தனி பின் நம்பர். தெருக்கதவு சாவி வச்சிருக்கவர் புதுசா அறை கட்டலாம், இருக்குற அறையை இடிச்சே தள்ளலாம், ஆனா பூட்டின அறைக்குள்ள என்ன இருக்குன்னு அவரால பாக்க முடியாது. ஆப்லெட்டோட பின் தெரிஞ்சவர் உள்ள இருக்குற கீயைப் பயன்படுத்தலாம், அவரால அறை கட்டவோ இடிக்கவோ முடியாது. கீழ வர்ற எல்லாமே இந்த ரெண்டுல எது எதுங்குறதுதான்.

வாங்கும்போது விக்கிறவர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க: ஜாவா கார்டு வெர்ஷன் என்ன, கார்டு இனிஷியலைஸ் பண்ணினதா, கீ டீஃபால்ட்தானா. நான் கேக்காம ஒரு ஆன்லைன் கடையில டெவலப்பர் கார்டுன்னு போட்டிருந்ததை நம்பி வாங்கினேன், வந்த கார்டுல கீ வேற எதுவோ, மெயில் போட்டா பதிலே இல்ல, அந்த ரெண்டு கார்டும் இப்ப புக்மார்க்கா இருக்கு. அப்புறம் வாங்கினது என்எக்ஸ்பி கம்பெனியோட ஜேகாப் கார்டு, ஜே3ஹெச்145, ஜாவா கார்டு 3.0.4, பேர்ல இருக்குற 145 கிட்டத்தட்ட மெமரி அளவு, கிலோபைட்ல. ஜே3ஆர்180 இன்னும் புதுசு, 3.0.5. பழைய ஜே2ஏ040 மாதிரி 2.2.2 கார்டு மலிவா கிடைக்கும், ஆனா புது ஆப்லெட் நிறைய அதுல ஏறாது.

ரீடருக்கு சிசிஐடி (யூஎஸ்பி கார்டு ரீடருக்கான பொது முறை) ஸ்டாண்டர்டுல வேலை செய்யுற எந்த கான்டாக்ட் ரீடரும் போதும், நான் வச்சிருக்குறது ஏசிஆர்39. தட்டுற மாதிரியான என்எஃப்சி ரீடர்தான் இருக்குன்னா ஏசிஆர்122-ல லினக்ஸ்ல ஒரு சிக்கல் வரும், கெர்னல்ல இருக்குற பிஎன்533 டிரைவர் ரீடரை முதல்லயே பிடிச்சு வச்சுக்கும், அந்த மாட்யூலை பிளாக்லிஸ்ட் பண்ணினாத்தான் பிசிஎஸ்சிக்கு (கம்ப்யூட்டர்ல ரீடர்கிட்ட பேசுற ஏற்பாடு) ரீடர் கண்ணுல படும். முதல் தடவை செய்யுறவங்க கான்டாக்ட் ரீடர்லயே செய்யுங்க, நடுவுல கார்டு நகர்ந்துடுச்சேன்னு பதற வேண்டியதில்ல.

டெபியன், உபுண்டு ஆளுங்க இதை இன்ஸ்டால் பண்ணிக்கங்க:

ஏபிடி இன்ஸ்டால் பிசிஎஸ்சிடி பிசிஎஸ்சி-டூல்ஸ் ஓப்பன்எஸ்சி எஸ்சிடீமன் டீஃபால்ட்-ஜேஆர்ஈ

பிசிஎஸ்சிடிதான் ரீடர்கிட்ட பேசுற சர்வீஸ். ஓப்பன்எஸ்சி கார்டுக்குள்ள இருக்குற கீ, சர்டிஃபிகேட்டைப் பாக்க. எஸ்சிடீமன் ஜிபிஜி-க்காக (என்கிரிப்ட் பண்ணவும் டிஜிட்டல் கையெழுத்து போடவும் உதவுற புரோகிராம்). முக்கியமான ஆயுதம் இந்த லிஸ்ட்ல இல்ல, அது குளோபல்பிளாட்ஃபார்ம்புரோ, மார்ட்டின் பால்யாக் எழுதினது, ஜிபி.ஜார்னு ஒரே ஒரு ஃபைல், கிட்ஹப் ரிலீஸ்ல இருந்து எடுத்துக்கங்க. ஒவ்வொரு தடவையும் ஜாவா -ஜார் ஜிபி.ஜார்னு அடிக்க அலுப்பா இருந்தா ஜிபின்னு ஒரு ஏலியாஸ் வச்சுக்கங்க, நானும் கீழ ஜிபின்னே எழுதுறேன்.

கார்டை சொருகிட்டு பிசிஎஸ்சி_ஸ்கேன் ஓட்டுங்க. ஏடிஆர்னு (கார்டுக்கு கரண்ட் வந்ததும் அது சொல்ற முதல் பதில்) ஒரு ஹெக்ஸ் வரிசை வந்தா கார்டு உயிரோட இருக்கு. வரலைன்னா சிப் மேல பாத்து இருக்கா, கீழ பாத்து இருக்கான்னு பாருங்க, சிரிக்காதீங்க, நான் அரை மணி நேரம் அதுல போக்கியிருக்கேன்.

அடுத்து இது:

ஜிபி --இன்ஃபோ

இந்தக் கமாண்டை எத்தனை தடவை வேணும்னாலும் ஓட்டலாம், கீ எதுவும் கேக்காது, கதவைத் திறக்காம வெளிய நின்னு வீட்டைப் பாக்குற மாதிரி. ஏடிஆர், சிப் யார் செஞ்சது, சீரியல், அப்புறம் கடைசியில கீ இன்ஃபோன்னு மூணு வரி வரும். அதுல வெர்ஷன் 255-ன்னு இருந்தா ஃபேக்டரி கீ இன்னும் மாத்தலைன்னு அர்த்தம், டூலே கீழ அப்படி ஒரு வரி போடும். டைப்னு டெஸ்3, இல்லைன்னா ஏஈஎஸ்னு இருக்கும், ரெண்டும் என்கிரிப்ட் பண்ற முறை, அதைக் குறிச்சு வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும். மூணு வரி ஏன்னா அங்க மூணு கீ இருக்கு, ஒண்ணு என்கிரிப்ட் பண்ண, ஒண்ணு மேக் (செய்தி வழியில மாறலைங்குறதுக்கான முத்திரை) போட, ஒண்ணு புது கீயை மூடி அனுப்ப. டெஸ்3 இருந்தா கார்டோட பாதுகாப்பா பேசுறதுக்கு பெரும்பாலும் எஸ்சிபி02 சேனல், ஏஈஎஸ்னா எஸ்சிபி03.

இப்ப லிஸ்ட்:

ஜிபி --லிஸ்ட்

இது இன்ஃபோ மாதிரி இல்ல. இது கதவுல சாவி போடும். நீங்க கீ எதுவும் குடுக்கலைன்னா டூல் தானாவே டீஃபால்ட் டெஸ்ட் கீயைப் போடும், அது 40, 41, 42-ன்னு வரிசையா போயி 4எஃப்-ல முடியுற 16 பைட், உலகத்துக்கே தெரிஞ்ச கீ. புது கார்டுன்னா திறந்துடும், ஐஎஸ்டின்னு ஒரு வரி வரும், பக்கத்துல ஓபி_ரெடின்னு இருக்கும், கீழ கார்டுல ஏற்கெனவே இருக்குற பேக்கேஜ், ஆப்லெட் எல்லாம் ஏஐடி நம்பரோட வரும். ஏஐடின்னா ஆப்லெட்டோட விலாசம், குறைஞ்சது 5 பைட், அதிகபட்சம் 16.

திறக்கலைன்னா கார்ட் கிரிப்டோகிராம் இன்வாலிட்னு வரும், அதோட கூடவே பெரிய எழுத்துல ஆச்சரியக்குறியெல்லாம் போட்டு, இதே கீயோட மறுபடி முயற்சி பண்ணாதீங்க, கார்டு செத்துடும்னு ஒரு எச்சரிக்கை வரும். அதை மதிங்க. தப்பான கீயை எத்தனை தடவை பொறுத்துக்கும்ங்குறது கார்டுக்குக் கார்டு மாறும், பத்து தடவைக்குள்ள செத்துப்போற கார்டும் உண்டு. சில கார்டு நீங்க பேச ஆரம்பிச்ச உடனேயே ஒரு எண்ணிக்கையைக் கழிச்சுடும், சரியான கீயோட உள்ள போனாத்தான் அது திரும்ப நிறையும். அப்படின்னா கீ மாத்தின கார்டுல மறந்துபோயி வெறும் ஜிபி --லிஸ்ட் அடிச்சாலும் ஒரு வாய்ப்பு போச்சு. இதுக்கு ஃபோர்காட் பாஸ்வேர்ட் எல்லாம் கிடையாது, சப்போர்ட்ல கூப்பிட்டு அழுதாலும் நடக்காது.

இப்ப நான் கொன்ன கதைக்கு வர்றேன், கட்டுரையே அதுக்குத்தான்.

கீ மாத்துற கமாண்ட் ரொம்ப சுலபம். முதல்ல ரேண்டமா ஒரு கீ:

ஓப்பன்எஸ்எஸ்எல் ராண்ட் -ஹெக்ஸ் 16

அதை அப்படியே:

ஜிபி --லாக் புதுகீ

முடிஞ்சது. டூல் அந்தக் கீயைக் காட்டி, எழுதி வச்சுக்கங்க, தொலைச்சுடாதீங்கன்னும் சொல்லும். நான் எழுதித்தான் வச்சேன். வீட்ல அப்பத்தா பால் கணக்கு எழுதுற நோட்டுல, கடைசிப் பக்கத்துல, பால்பாயிண்ட் பேனாவுல 32 எழுத்து. டெர்மினலை மூடியாச்சு. ஒரு வாரம் கழிச்சு ஒரு ஆப்லெட் மாத்தணும்னு நோட்டைப் பாத்து அடிக்கிறேன், கிரிப்டோகிராம் இன்வாலிட். மறுபடி பாத்து அடிச்சேன். அப்பத்தான் கவனிக்கிறேன், என் கையெழுத்துல இங்கிலீஷ் பெரிய பி-யும் 8-ம் ஒண்ணு போலவே இருக்கு, அந்த 32 எழுத்துல அந்த மாதிரி சந்தேகமான எழுத்து அஞ்சு. ரெண்டு ரெண்டா அஞ்சு இடத்துக்கு 32 விதம். கார்டு அத்தனை தடவை பொறுக்குமா? பொறுக்கல. ஏழாவதோ எட்டாவதோ தடவைக்கு அப்புறம் என்ன கீ போட்டாலும் ஒரே பதில். உள்ள இருந்த ஜிபிஜி ஆப்லெட் மட்டும் இன்னும் வேலை செய்யுது, பின் போட்டா கையெழுத்து போடுது, ஆனா தெருக்கதவு நிரந்தரமா பூட்டிக்கிச்சு, புதுசா ஒரு அறையும் கட்ட முடியாது.

காரைக்குடியில முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைக்குப் போயிருக்கீங்களா, அங்க கூடை நிறைய பழைய சாவி கிடக்கும், முழ நீளம், கனமான இரும்பு, எந்த வீட்டுக் கதவுக்கு எதுன்னு யாருக்கும் தெரியாது. என் நோட்டுல இருந்ததும் அந்தக் கூடைச் சாவிதான். சாவியோட ஒரு தகடு கட்டியிருந்தா கதவுல போட்டுப் பாக்காமலேயே இது சரியான சாவியான்னு தெரிஞ்சிருக்கும்.

கார்டு உலகத்துல அந்தத் தகடுக்குப் பேரு கேசிவி, கீ செக் வேல்யூ. மூணே மூணு பைட், அதாவது ஆறு எழுத்து. கீயை வச்சு வெறும் பூஜ்யத்தை என்கிரிப்ட் பண்ணி வர்ற விடையோட முதல் மூணு பைட்தான் அது, அதுல இருந்து கீயைக் கண்டுபிடிக்க முடியாது, ஆனா கீயில ஒரு எழுத்து தப்பினாலும் கேசிவி பெரும்பாலும் மாறிடும். கார்டைத் தொடாமலே கம்ப்யூட்டர்லயே சரி பாத்துக்கலாம். டெஸ்3 கீன்னா இப்படி:

ஹெட் -சி 8 /டெவ்/ஸீரோ | ஓப்பன்எஸ்எஸ்எல் என்க் -டெஸ்-ஈடிஈ -நோபேட் -கே கீ | எக்ஸ்எக்ஸ்டி -பி

இதுல -கே பெரிய எழுத்து, மத்ததெல்லாம் சின்ன எழுத்து. வர்ற விடையில முதல் ஆறு எழுத்தை எடுத்துக்கங்க. கமாண்ட் சரியா அடிச்சீங்களான்னு பாக்க முதல்ல டீஃபால்ட் கீயைப் போட்டுப் பாருங்க, 8பிஏஎஃப்47-ன்னு வரணும், வந்தா நீங்க சரியாத்தான் செய்யுறீங்க. ஏஈஎஸ் கீன்னா கணக்கு கொஞ்சம் வேற, 8 பூஜ்யத்துக்குப் பதிலா 01-ங்குற பைட்டை 16 தடவை வச்சு ஏஈஎஸ்-128-ஈசிபி-ல என்கிரிப்ட் பண்ணணும், மத்தபடி அதே முதல் மூணு பைட்.

இப்ப நாங்க செய்யுற முறை இதுதான். கீ உருவாக்கின உடனே கேசிவி போட்டுடுவோம். நாலு கார்டுக்கும் நாலு தனிக் கீ, ஒரே கீயை எல்லாத்துக்கும் போடுறதில்ல, ஒண்ணு போனா நாலும் போயிடும். கீபாஸ்எக்ஸ்சி-ல (பாஸ்வேர்டைப் பூட்டி வைக்கிற சாஃப்ட்வேர்) ஒரு என்ட்ரி, அதுல கார்டு சீரியல், கீ, கேசிவி, தேதி. அப்புறம் அதையே பிரிண்ட் எடுத்து, கையால எழுதாம பிரிண்ட், கவர்ல போட்டு பீரோவுல. லாக் பண்றதுக்கு முன்னாடி அந்தப் பேப்பரைப் பாத்து இன்னொருத்தர் கீயை டைப் அடிச்சு கேசிவி போடணும், பேப்பர்ல இருக்குறதோட ஒத்துப்போனாத்தான் லாக். இந்த ஒரு வேலைக்கு மூணு நிமிஷம் ஆகும். நானூறு கார்டு வச்சிருக்குற கம்பெனின்னா ஒரே மாஸ்டர் கீயில இருந்து ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியா கீ பிரிச்செடுக்குற வழி இருக்கு, டூல்லயே அந்த கேடிஎஃப் ஆப்ஷன் எல்லாம் உண்டு, நாலு கார்டுக்கு அதெல்லாம் வேண்டாத தலைவலி.

லாக் ஆனதுக்கு அப்புறம் எல்லாக் கமாண்டுக்கும் கீ குடுக்கணும்:

ஜிபி --கீ புதுகீ --லிஸ்ட்

இன்ஃபோ போட்டுப் பாத்தா வெர்ஷன் 255 போயி 1-ன்னு மாறியிருக்கும், அதுதான் அடையாளம். பழைய கார்டு ஒண்ணு எடுத்து, லாக் பண்ணிட்டேனா இல்லையான்னு சந்தேகம் வந்தா லிஸ்ட் அடிக்காதீங்க, இன்ஃபோ பாருங்க.

சில பேர் கேப்பாங்க, ஆப்லெட்டுக்குத்தான் பின் இருக்கே, ஐஎஸ்டி கீயை ஏன் மாத்தணும்னு. டீஃபால்ட்லயே விட்டா, கார்டு கையில கிடைச்ச யாரும் உங்க ஆப்லெட்டை அழிச்சுட்டு அதே பேர்ல வேற ஒண்ணை ஏத்தி வச்சுடலாம், நீங்க அதை நம்பி பின் அடிப்பீங்க. உள்ள இருந்த கீயை அவன் எடுக்க முடியாது, ஆனா உங்களை ஏமாத்த முடியும். அதனால மாத்துங்க. ஆனா கடைசியா மாத்துங்க, ஆப்லெட் எல்லாம் ஏத்தி இறக்கிப் பழகி, சரியா ஓடுதுன்னு பாத்துட்டு, ஆள் கையில குடுக்குறதுக்கு முந்தின வேலையா அது இருக்கட்டும்.

சரி, ஆப்லெட். எங்களுக்குத் தேவை எஸ்எஸ்ஹெச்-சும் ஜிபிஜி-யும், அதுக்கு ஸ்மார்ட்பிஜிபி-ன்னு ஒண்ணு எடுத்தோம், பிரெஞ்சு அரசாங்கத்தோட சைபர் பாதுகாப்பு அமைப்பு ஆன்சி எழுதி ஓப்பன் சோர்ஸா விட்டது, ஜாவா கார்டு 3.0.4 கேக்கும். ஆப்லெட் எல்லாம் கேப்-ங்குற ஃபைலா வரும், ஜாவா பேக்கேஜை கார்டுக்கு ஏத்த மாதிரி மாத்தி வச்சது. சோர்ஸ்ல இருந்து நீங்களே கட்டணும்னா ஆன்ட்-ஜாவாகார்டுன்னு அதே பால்யாக் எழுதினது இருக்கு, அது ஒரு தனி நாள் வேலை. ஏத்துறதுக்கு:

ஜிபி --இன்ஸ்டால் ஸ்மார்ட்பிஜிபி.கேப் --கிரியேட் டி276000124010304ஏஎஃப்ஏஎஃப்000000010000

அந்த நீள நம்பரைப் பாத்து பயப்படாதீங்க. டி27600012401 வரைக்கும் ஓப்பன்பிஜிபி-யோட (ஜிபிஜி பின்பற்றுற ஸ்டாண்டர்டு) விலாசம், 0304 வெர்ஷன் 3.4, ஏஎஃப்ஏஎஃப் தயாரிப்பாளர் இடம், அதுக்கடுத்த நாலு பைட் சீரியல் நம்பர், கடைசி ரெண்டு பைட் சும்மா பூஜ்யம். மொத்தம் 16 பைட். அந்த சீரியலை ஒவ்வொரு கார்டுக்கும் மாத்திப் போடுங்க, 00000001, 00000002-ன்னு. கிரியேட் இல்லாம வெறுமன இன்ஸ்டால் பண்ணினாலும் ஏறும், ஆனா எல்லாக் கார்டும் ஒரே சீரியல்ல வந்து நிக்கும், ஜிபிஜி கார்டை சீரியலை வச்சுத்தான் அடையாளம் பாக்குது, அது குழம்பும், நீங்களும் குழம்புவீங்க.

ஏறினதும்:

ஜிபிஜி --கார்ட்-ஸ்டேட்டஸ்

சீரியல், மூணு கீ இடம் காலியா, பின் ரீட்ரை 3 0 3-ன்னு வந்தா ஜெயிச்சாச்சு. எரர் வந்தா ரெண்டு விஷயம் பாருங்க. எஸ்சிடீமன் தன்னோட சொந்த டிரைவர் வழியா ரீடரைப் பிடிக்கப் பாக்கும், அங்க பிசிஎஸ்சிடி உக்காந்திருக்கும், ரெண்டும் மோதிக்கும், அதுக்கு ஜிபிஜி ஃபோல்டருக்குள்ள எஸ்சிடீமன்.கான்ஃப் ஃபைல்ல டிஸேபிள்-சிசிஐடி-ன்னு ஒரு வரி போட்டா சரியாகும். தலைகீழாவும் நடக்கும், ஜிபிஜி கார்டைப் பிடிச்சுக்கிட்டு விடாது, ஜிபி டூல் ஓட்டினா ஷேரிங் வயலேஷன்னு வரும், அப்ப:

ஜிபிஜிகான்ஃப் --கில் எஸ்சிடீமன்

இது நான் ஒரு நாளைக்கு நாலு தடவை அடிக்கிற கமாண்ட்.

பின் மாத்தாம எதுவும் செய்யாதீங்க. ஜிபிஜி --கார்ட்-எடிட் போயி, அட்மின்னு அடிச்சு, பாஸ்வேர்டு-க்கான பாஸ்டபிள்யூடி கமாண்ட். சாதா பின் டீஃபால்ட் 123456, அட்மின் பின் 12345678. சாதா பின்னு குறைஞ்சது 6 எழுத்து, அட்மின் 8. சாதா பின்னை மூணு தடவை தப்பா போட்டா பிளாக், அட்மின் பின் வச்சு திறக்கலாம். அட்மின் பின்னும் மூணு தடவை போச்சுன்னா ஃபேக்டரி-ரீசெட்தான், அந்த ஆப்லெட்டுக்குள்ள இருந்த கீ எல்லாம் போயிடும். அதுவும் ஆகலைன்னா ஐஎஸ்டி கீ வச்சு ஆப்லெட்டையே அழிச்சு மறுபடி ஏத்தலாம், தெருக்கதவு சாவி நம்ம கையில இருக்குறதோட லாபம் அதுதான்.

கீ போடுறதுக்கு முன்னாடி அதே கார்ட்-எடிட்ல கீ-ஆட்ர்னு ஒரு கமாண்ட் இருக்கு, அதுல கீ எந்த வகை, ஆர்எஸ்ஏ-வா ஈசிசி-யான்னு (வளைவுக் கணக்கை வச்சு செய்யுறது) தேர்ந்தெடுக்கலாம். ஸ்மார்ட்பிஜிபி-ல என்ஐஎஸ்டி வளைவுகளும் பிரெய்ன்பூலும் உண்டு, எல்லாரும் விரும்புற 25519 வளைவு கிடையாது, அதனால நாங்க என்ஐஎஸ்டி பி-256 எடுத்தோம். ஆர்எஸ்ஏ 4096 கார்டுக்குள்ளயே உருவாக்கச் சொன்னீங்கன்னா டீ போட்டு குடிச்சுட்டு வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கும், நடுவுல தொங்கிடுச்சுன்னு நினைச்சு கார்டைப் பிடுங்காதீங்க.

கீயை கார்டுக்குள்ளயே உருவாக்கணுமா, வெளிய உருவாக்கி உள்ள ஏத்தணுமான்னு ஒரு சண்டை எங்களுக்குள்ளயே நடந்துச்சு. என் கட்சி இது: கையெழுத்துக் கீயும் எஸ்எஸ்ஹெச்-க்கான ஆதென்டிகேஷன் கீயும் உள்ளயே பிறந்து உள்ளயே சாகட்டும், கார்டு தொலைஞ்சா புதுசு போட்டு சர்வர்ல மாத்திக்கலாம். என்கிரிப்ஷன் கீக்கு மட்டும் பேக்கப் வேணும், அது போனா பழைய மெயில், பழைய பேக்கப் எதையும் திறக்க முடியாது. கார்ட்-எடிட்ல ஜெனரேட் அடிச்சா என்கிரிப்ஷன் கீக்கு வெளிய பேக்கப் எடுக்கவான்னு அதுவே கேக்கும், ஆமான்னு சொல்லி, அந்த ஃபைலை பென் டிரைவ்ல போட்டு, லேப்டாப்ல இருந்து அழிச்சுடுங்க. ஏற்கெனவே இருக்குற கீயை ஏத்துறதுன்னா கீடூகார்ட் கமாண்ட், அதுல ஒரு பள்ளம் இருக்கு: ஏத்திட்டு சேவ் அடிச்சீங்கன்னா லேப்டாப்ல இருந்த நிஜக் கீ போயி வெறும் சுட்டி மட்டும் நிக்கும். ரெண்டாவது கார்டுலயும் அதே கீ வேணும்னா முன்னாடியே --எக்ஸ்போர்ட்-சீக்ரெட்-கீஸ் பண்ணி வச்சிருக்கணும், இல்லைன்னா சேவ் பண்ணாம குவிட் அடிச்சு வெளிய வரணும்.

எஸ்எஸ்ஹெச்-க்கு ஜிபிஜி-ஏஜென்ட்.கான்ஃப்-ல எனேபிள்-எஸ்எஸ்ஹெச்-சப்போர்ட்னு ஒரு வரி, ஷெல்லுல எஸ்எஸ்ஹெச்_ஆத்_சாக்-குக்கு ஜிபிஜிகான்ஃப் --லிஸ்ட்-டிர்ஸ் ஏஜென்ட்-எஸ்எஸ்ஹெச்-சாக்கெட் குடுக்குற பாதை. அப்புறம் எஸ்எஸ்ஹெச்-ஆட் -எல் (பெரிய எழுத்து எல்) அடிச்சா கார்ட்நோ-ன்னு முடியுற ஒரு பப்ளிக் கீ வரும், அதை சர்வர்ல போட்டுக்கங்க. சிங்கப்பூர்க்காரனுக்கு கார்டை ஊருக்கு வந்த சொந்தக்காரங்க கிட்ட முறுக்கு, சீடையோட சேர்த்து குடுத்துவிட்டோம், பின்னை மட்டும் போன்ல சொன்னோம், வழியில யார் எடுத்துப் பாத்தாலும் ஒண்ணும் கிடைக்காது.

வேற ஆப்லெட்டும் அதே கார்டுல ஏத்தலாம், இடம் இருக்குற வரைக்கும். பிகேசிஎஸ்11 (புரோகிராம்கள் கார்டுகிட்ட பேசுற பொது முறை) வழியா பிரௌசர்லயோ விபிஎன்-லயோ சர்டிஃபிகேட் வேணும்னா ஐசோஆப்லெட்னு ஒண்ணு, ஓப்பன்எஸ்சி-யே அதை அடையாளம் தெரிஞ்சுக்கும், பிகேசிஎஸ்15-இனிட் வச்சு கீ போட்டு, பிகேசிஎஸ்11-டூல் -ஓ (இதுவும் பெரிய எழுத்து) போட்டா உள்ள இருக்குறது தெரியும்.

எரர் வந்தா கமாண்டோட -டி சேர்த்து ஓட்டுங்க, கார்டோட நடக்குற பேச்சு முழுக்கத் தெரியும், ஒவ்வொரு பதிலோட கடைசி நாலு எழுத்தைப் பாருங்க. 9000 வந்தா நல்லது. 6ஏ82 அந்த விலாசத்துல யாரும் இல்ல. 6ஏ84 இடம் பத்தல, பழைய ஆப்லெட்டை இறக்குங்க. 6982 உரிமை இல்ல, பின் போடலை, இல்லைன்னா போட்டது தப்பு. 6983 பிளாக் ஆயிடுச்சு. 6985 இந்த நிலைமையில செய்ய மாட்டேங்குது, பெரும்பாலும் அதே ஏஐடி-ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கும். 63சி-ன்னு ஆரம்பிச்சா கடைசி எழுத்து இன்னும் எத்தனை வாய்ப்பு பாக்கின்னு சொல்லுது. கேப் ஃபைல் ஏத்தும்போது 6ஏ80 வந்தா முதல் சந்தேகம் ஜாவா கார்டு வெர்ஷன் ஒத்துவரலைங்குறதுதான்.

தேவகோட்டையில ஆடிட்டர் ஆபீஸ் வச்சிருக்குற நண்பர் ஒருத்தர் கேட்டாரு, எங்க கிட்ட காலாவதியான டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் ஒரு டிராயர் நிறைய கிடக்கு, அதுல இதையெல்லாம் ஏத்த முடியுமா அண்ணேன்னு. முடியாது. அதோட தெருக்கதவு சாவி தயாரிச்ச கம்பெனிகிட்ட, உங்க கிட்ட இருக்குறது பின் மட்டும்தான். சிம் கார்டு, ஏடிஎம் கார்டும் அப்படியே, நிறைய சிம் உள்ள ஜாவா கார்டுதான்னாலும் சாவி நம்மகிட்ட இல்ல, அதுல ஜிபி --லிஸ்ட் அடிச்சு விளையாடாதீங்க. டிரைவிங் லைசென்ஸ் ஸ்மார்ட் கார்டு ஸ்கோஸ்டான்னு ஐஐடி கான்பூரும் என்ஐசியும் சேர்ந்து உருவாக்குன வேற வகை, அதுல ஆப்லெட்டுங்குற பேச்சே இல்ல.

கடைசியா, ஒருத்தர் வேலையை விட்டுப் போறாரு, கார்டைத் திருப்பிக் குடுக்குறாருன்னா: முதல்ல அவர் பப்ளிக் கீயை சர்வர்ல இருந்து எடுங்க. அப்புறம் பேப்பர்ல இருக்குற கீயை அடிச்சு கேசிவி சரியான்னு பாருங்க. சரின்னா மட்டும் இந்த ரெண்டும், இதே வரிசையில:

ஜிபி --கீ பழையகீ --அன்இன்ஸ்டால் ஸ்மார்ட்பிஜிபி.கேப்

ஜிபி --கீ பழையகீ --அன்லாக்

அன்லாக் ஆனதும் கார்டு திரும்ப டீஃபால்ட் கீக்கு வந்துடும், அடுத்தவருக்குப் புதுசா ஏத்தலாம். லைஃப் சைக்கிள்ல டெர்மினேட்டட்னு ஒரு நிலை இருக்கு, கார்டைப் பாதுகாப்பா அழிக்கிறதா நினைச்சுக்கிட்டு அதுல போடாதீங்க, அங்க போன கார்டு திரும்பாது. அன்லாக் பண்ணின கார்டோட கவர்ல இருந்த பழைய கீ பேப்பரைக் கிழிச்சுடுங்க, நான் கிழிக்காம விட்டு அதே கவர்ல புதுப் பேப்பரையும் வச்சு, இன்னொரு தடவை தப்புக் கீ அடிச்சிருப்பேன், கேசிவி ஒத்துவராததால தப்பிச்சேன்.